பீட்டா 212, அடுத்தது 338. இரட்டிப்பு ஆகவில்லையே, பயப்படணுமா?

நிலா_திருப்பூர் (புதன், இரவு 9:12)

எல்லோருக்கும் வணக்கம். நாள் தள்ளிப் போனதால் வீட்டில் கிட் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு வந்தது, ஆனால் இரண்டாவது ரொம்ப மங்கல். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்ததில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி 212. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் அன்றைக்கு 37-வது நாள். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர். இன்றைக்கு எடுத்ததில் 338.

212 இரட்டிப்பானால் 424 வரணும். வரவில்லை. யூடியூபில் பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் “இரண்டு நாளில் இரட்டிப்பு ஆகாவிட்டால் கரு நிற்காது” என்றுதான் சொல்கிறார்கள். என் நாத்தனாருக்கு இதே 37-வது நாளில் 3,000-க்கு மேல் இருந்ததாம். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 14.2. அதற்கு டுஃபாஸ்டன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டரை வெள்ளிக்கிழமைதான் பார்க்க முடியும். வலி இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. யாராவது இந்த நம்பரைப் படித்துச் சொல்லுங்களேன்.

ராஜிமா (9:30)

நிலா, முதலில் யூடியூபை மூடு. வலி இல்லை, கசிவு இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா. உனக்கு மாதாமாதம் 28 நாளில் டாண் என்று வருமா, இல்லை தள்ளித் தள்ளி வருமா? அதைச் சொல்லாமல் 37-வது நாள் என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாதும்மா.

பாலு_லேப் (10:05)

பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை செய்கிறேன். நிலா, ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் பொடி எழுத்தில் மூன்று நேரம் அச்சாகியிருக்கும்: கலெக்டட், ரிசீவ்ட், ரிப்போர்ட்டட். இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘கலெக்டட்’ நேரத்தை மட்டும் எழுதுங்கள். ரத்தம் எடுத்த நேரம் அதுதான், மற்ற இரண்டும் கணக்குக்கு உதவாது. இரண்டும் ஒரே லேப்தானே?

நிலா_திருப்பூர் (10:11)

ஒரே லேப்தான் அண்ணா. திங்கள் கலெக்டட் பகல் 11:32. இன்றைக்கு கம்பெனிக்குப் போகும் முன்பே கொடுத்துவிட்டேன், காலை 7:04.

ராஜி அக்கா, எனக்கு 35, 36 நாளுக்கு ஒருமுறைதான் வரும். சில மாதம் 38 ஆகும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

பாலு_லேப் (10:34)

அப்படியானால் நடுவில் இருப்பது 48 மணி நேரம் இல்லை, 43½ மணி நேரம். இந்த நாலரை மணி நேரத்தை யாரும் கவனிப்பதே இல்லை. “இரண்டு நாள் கழித்து” என்பதை நாம் திங்கள், புதன் என்று எடுத்துக்கொள்கிறோம், ஹார்மோன் மணிக்கணக்கில் ஏறுகிறது.

212-லிருந்து 338 என்றால் 59 சதவீத உயர்வு, அதுவும் 43½ மணி நேரத்தில். இதே வேகத்தில் போயிருந்தால் 48 மணி நேரம் முடியும்போது 355-ஐத் தொட்டிருக்கும். அது 67 சதவீதம். இரட்டிப்பாக ஆகும் நேரம் ஏறக்குறைய 65 மணி. வழக்கமாகச் சொல்லும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

ஒரே ரத்தத்தை ஒரே மெஷினில் இரண்டு தடவை ஓட்டினாலும் சில சதவீதம் முன்னே பின்னே வரும். வேறு கம்பெனி மெஷினில் ஓட்டினால் வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு லேப் கிட்டும் இந்த ஹார்மோனின் வெவ்வேறு துண்டுகளை வெவ்வேறு அளவில் பிடிக்கும். அதனால்தான் ஒரே லேப் என்று கேட்டேன். வீட்டுக்குப் பக்கம் ஒன்று, ஆபீஸுக்குப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் அந்த இரண்டு நம்பரையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் ரிப்போர்ட்டின் கீழே இருக்கும் வாரப் பட்டியல். அதன் தலைப்பைப் படியுங்கள். சில கிட்டில் கடைசி மாதவிலக்கிலிருந்து வாரம் எண்ணுவார்கள், சில கிட்டில் கருத்தரித்த நாளிலிருந்து. முதல் வரி “0.2 – 1 வாரம்: 5 – 50” என்று தொடங்கினால் அது கருத்தரித்ததிலிருந்து எண்ணுவது. மாதவிலக்கு வந்த மறுநாளே யாருக்கும் எச்சிஜி வராது இல்லையா. இரண்டு வார வித்தியாசத்தைத் தெரியாமல் படித்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

நிலா_திருப்பூர் (10:41)

என்னுடையதில் எல்எம்பி, அதாவது கடைசி மாதவிலக்கு என்று போட்டிருக்கிறது. 4 வாரம் 5 – 426, 5 வாரம் 18 – 7,340, 6 வாரம் 1,080 – 56,500. நான் 5 வாரம் 2 நாள். அந்த வரிசைக்குள் இருக்கிறேன், ஆனால் அடியில் கிடக்கிறேன்.

ஓஜி_டூட்டி (11:20)

மகப்பேறு மருத்துவர். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்வதில்லை, எண்ணைப் படிப்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

நிலா, நீங்கள் 5 வாரம் 2 நாள் இல்லை. அந்தக் கணக்கு 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. கருமுட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை உள்ள காலம் சுமார் 14 நாள். அது அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் முன்பகுதி. 36 நாள் சுழற்சி என்றால் உங்களுக்கு 22-வது நாள் வாக்கில் முட்டை வந்திருக்கும். திங்கட்கிழமை அதிலிருந்து 15 நாள். அதாவது 4 வாரம் 1 நாள். அந்த வரிசையில் 5 முதல் 426. இப்போது 212 எங்கே இருக்கிறது பாருங்கள்.

உங்கள் நாத்தனாருக்கு 28 நாள் சுழற்சி என்றால் அவர் கரு 37-வது நாளில் உங்களுடையதைவிட எட்டு நாள் மூத்தது. எட்டு நாளில் நான்கு இரட்டிப்பு, அதாவது 16 மடங்கு. 212-ஐ 16-ஆல் பெருக்கினால் 3,392. அவர் 3,000 சொன்னார், நீங்கள் 212 சொல்கிறீர்கள், இரண்டும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன.

“இரண்டு நாளில் இரட்டிப்பு” என்பது சராசரி. குறைந்தபட்சம் எவ்வளவு ஏறினால் போதும் என்பது வேறு கேள்வி. 1981-ல் மிகச் சிறிய ஒரு குழுவை வைத்து 66 சதவீதம் என்று சொன்னார்கள், அது பாடப்புத்தகம் பாடப்புத்தகமாகப் போய்விட்டது. பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் 2018 வழிகாட்டுதல்படி, முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால் 48 மணி நேரத்தில் 49 சதவீதம், 1,500 முதல் 3,000 வரை 40 சதவீதம், 3,000-க்கு மேல் 33 சதவீதம். நல்லபடி வளரும் கர்ப்பங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த அளவையாவது தாண்டிவிடும். மேலே போகப் போக ஏற்றம் மெதுவாவது இயல்பு, 6,000 வந்தபிறகும் இரட்டிப்பை எதிர்பார்த்து உட்காரக்கூடாது.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். எண் ஒழுங்காக ஏறுவது நல்ல அறிகுறி, ஆனால் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கும் டியூப் கர்ப்பங்கள் சிலவற்றிலும் எண் அழகாகவே ஏறும். இடத்தைச் சொல்வது ஸ்கேன் மட்டும்தான்.

ராஜிமா (11:26)

பார்த்தாயா. படு போ.

ஹரிணி_போரூர் (வியாழன், காலை 8:15)

டாக்டர் சொல்வது சரி. ஆனாலும் நான் ஸ்கேன் வரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஏற ஏற மனசு நிம்மதியாக இருந்தது. சும்மா இரண்டு வாரம் காத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்பேன்.

ஓஜி_டூட்டி (8:50)

ஏறினால் நிம்மதி, சரி. ஒரு தடவை கொஞ்சம் மெதுவாக ஏறினால்? அடுத்த 48 மணி நேரம் சோறு இறங்காது, அதனால் கருவுக்குச் செய்யக்கூடியதும் ஒன்றும் இருக்காது. தொடர்ந்து பீட்டா எடுப்பது எங்களுக்குத் தேவைப்படுவது இடம் தெரியாத கர்ப்பத்திலும், வலி அல்லது கசிவு இருக்கும்போதும், முன்பு டியூபில் தங்கியவர்களுக்கும், கலைந்தபிறகு பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்க்கவும். வலியில்லாமல், ஒழுங்காக ஏறும் ஒருவருக்கு இரண்டு போதும். அடுத்தது ஸ்கேன்.

ஹரிணி_போரூர் (8:58)

ஏற்கெனவே இரண்டு முறை கலைந்தவள் டாக்டர் நான். உங்களுக்கு அது வெறும் எண்.

ஓஜி_டூட்டி (9:10)

அது தெரியாமல் எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள் ஹரிணி, உங்களைப் போன்றவர்களுக்கு நானே கூடுதலாக எழுதிக் கொடுப்பதுண்டு. நிலாவுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

செல்வம்_கே (10:02)

பீட்டா வேகமாக ஏறினால் பெண் குழந்தை, மெதுவாக ஏறினால் ஆண் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நிலாவுக்குப் பையன்தான் போல 😀

பாலு_லேப் (10:20)

செல்வம் அண்ணே, பெண் கருவுக்குச் சராசரி ஒரு துளி அதிகம் என்று சில ஆய்வுகளில் வந்தது உண்மைதான். ஆனால் இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்து கிடக்கும். ஒரு ஆளின் நம்பரை வைத்துச் சொல்ல முடியாது. இரட்டைக் குழந்தையும் அதே கதை. சராசரி கூடும், ஆனால் ஒற்றைக் குழந்தைக்காரர்களிலும் அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் நிறைய. அப்புறம் ஆணா பெண்ணா பேச்சு இங்கே வேண்டாமே.

காத்திருப்பு_88 (பகல் 12:40)

என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஐயுஐ (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) செய்தார்கள். அதற்கு முன்னால் முட்டை வெடிக்க எச்சிஜி ஊசி 10,000 யூனிட் போட்டார்கள். ஊசி போட்டு ஒன்பதாம் நாள் ஆசை தாங்காமல் ரத்தம் கொடுத்தேன், 19 வந்தது. இது பாசிட்டிவா?

பாலு_லேப் (12:55)

அது உங்கள் உடம்பில் ஊறிய எச்சிஜியா, ஊசியிலிருந்து வந்ததா என்று மெஷினுக்குத் தெரியாது. 10,000 யூனிட் முழுதாக வெளியேற 10 முதல் 14 நாள் ஆகும். 5-க்குக் கீழே நெகட்டிவ், 25-க்கு மேலே பாசிட்டிவ், நடுவில் இருப்பது சந்தேகம் என்பதுதான் பொதுக்கணக்கு. நீங்கள் ஊசியின் மிச்சத்தோடு அந்தச் சந்தேகப் பகுதியில் நிற்கிறீர்கள். உங்கள் சென்டர் சொன்ன தேதியில் எடுங்கள். அது ஏறியிருந்தால் உங்களுடையது.

இன்னொன்று. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? யாராக இருந்தாலும் லேபில் சொல்லிவிடுங்கள். பயோட்டினையே பிடிமானமாக வைத்து வேலை செய்யும் கிட்கள் உண்டு. அதிக டோஸ் ரத்தத்தில் இருந்தால் அந்தக் கிட்களில் எச்சிஜி குறைவாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே பயோட்டின் பற்றி எச்சரித்திருக்கிறது, நம் ஊரில் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

காத்திருப்பு_88 (1:02)

சரி அண்ணா. இதை ‘பீட்டா’ என்று ஏன் எடுக்கிறார்கள், வெறும் எச்சிஜி எடுத்தால் என்ன?

பாலு_லேப் (1:30)

இந்த ஹார்மோன் இரண்டு சங்கிலி சேர்ந்தது. ஆல்ஃபா சங்கிலி எல்எச், எஃப்எஸ்எச், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் என்று மற்ற மூன்று ஹார்மோனிலும் இதேதான். பீட்டாதான் இதற்கே உரியது. பழைய முறைகளில் எல்எச்சும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், குறைந்த அளவை நம்ப முடியாது. 1972-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைட்டிஸ், பிரவுன்ஸ்டீன், ராஸ் மூவரும் பீட்டாவை மட்டும் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் தேடியது கர்ப்பத்தை அல்ல, இந்த ஹார்மோனைச் சுரக்கும் புற்றுக்கட்டிகளை. இன்று வீட்டில் போடும் கிட் வரைக்கும் வந்தது அந்த வழியில்தான். அந்தக் கிட்களில் பல 25-லிருந்து பிடிக்கும். ரத்தத்தில் 212 இருந்தும் நிலாவுக்குக் கோடு மங்கலாக வந்ததற்குத் தண்ணீர் நிறையக் குடித்த சிறுநீர்கூடக் காரணமாக இருக்கலாம். கோட்டின் அடர்த்தியை வைத்து ஒன்றும் கணக்குப் போடாதீர்கள்.

திண்டுக்கல்_பிரபு (வியாழன், இரவு 10:48)

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். மனைவிக்கு 6 வாரம் 3 நாள், மாதவிலக்கு எப்போதும் சரியாக வரும். நேற்று பீட்டா 1,900. இன்று மதியம் ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் சென்டரில் “சீக்கிரமாக வந்துவிட்டீர்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்” என்றார்கள். காலையிலிருந்து லேசாகப் பழுப்பு நிறத்தில் படுகிறது. இப்போது வலது பக்கம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, கேஸ் என்று சொல்லிப் படுத்திருக்கிறாள். 1,900-க்குத் தெரியாமல் இருப்பது சகஜமா?

ஓஜி_டூட்டி (10:55)

பிரபு, இதைப் படித்ததும் கிளம்புங்கள். இரவு நேர ஸ்கேனும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம் என்றால் அங்கேயே. தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி இதில் ஏதாவது இருந்தால் சொந்த வண்டி வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். இரண்டு ரிப்போர்ட்டும், ரத்தப் பிரிவு எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும்.

எண் மட்டும் என்றால் பொறுக்கலாம். 1,500, 2,000 வந்தால் சாக் (கருவைச் சுற்றியிருக்கும் பை) தெரிந்தே தீரும் என்பது பழைய விதி, இப்போது 3,500 வரைகூட அவசரப்படாதே என்கிறார்கள். ஆனால் ஒரு பக்க வலி, கசிவு, தேதி சரியாகத் தெரிந்த 6 வாரம், காலியான கர்ப்பப்பை, இத்தனையும் ஒன்று சேர்ந்தால் டியூப் கர்ப்பம் இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை அது டியூப் கர்ப்பம்தான்.

ராஜிமா (11:01)

தம்பி, போய்விட்டு ஒரு வரி போடப்பா.

நிலா_திருப்பூர் (வெள்ளி, இரவு 8:20)

டாக்டரைப் பார்த்தேன். பீட்டா போதும், இரண்டு வாரத்தில் ஸ்கேன் என்றார். டுஃபாஸ்டன் தொடரச் சொன்னார். புரோஜெஸ்டிரோன் மறுபடி எடுத்து ஏறியிருக்கிறதா பார்க்கலாமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

பிரபு அண்ணா, அண்ணி எப்படி இருக்கிறார்கள்?

ஓஜி_டூட்டி (9:05)

டுஃபாஸ்டன் என்பது டைட்ரோஜெஸ்டிரோன். புரோஜெஸ்டிரோனின் வேலையைச் செய்யும், ஆனால் புரோஜெஸ்டிரோன் டெஸ்டில் விழாது. மாத்திரை போட்டு ரத்தத்தில் ஏறவில்லையே என்று கவலைப்படுவது வீண். அதனால் சிரித்திருப்பார், சொல்லியிருக்கலாம்.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5-க்குக் கீழே போனால் பெரும்பாலும் கரு தங்காது, 20-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நல்லது. நடுவில் இருப்பவர்கள் நிறையப் பேர், 14-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதோடு குறைந்த புரோஜெஸ்டிரோன் பல நேரம் கரு சரியாக வளராததன் விளைவு, காரணம் அல்ல. மாத்திரையால் எண்ணை நிமிர்த்திக் கருவைக் காப்பாற்றலாம் என்பது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. 2019-ல் வந்த பிரிட்டனின் பிரிசம் ஆய்வில் 4,153 பெண்களைப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் ரத்தக்கசிவும் முன்பு கலைந்த வரலாறும் சேர்ந்து இருந்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. அங்கே கொடுத்ததும் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன், டுஃபாஸ்டன் அல்ல. நம் ஊரில் எல்லோருக்கும் எழுதுகிறோம். கெடுதல் பெரிதாக இல்லை என்பதால் நானும் இதற்குச் சண்டை போடுவதில்லை.

ஹரிணி_போரூர் (9:30)

இரண்டு முறை கலைந்த எனக்குக் கொடுத்தார்கள், மூன்றாவது நின்றது. அதனால்தானா என்று தெரியாது. ஆனால் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மட்டுநகர்_மது (சனி)

நான் மட்டக்களப்பில இருந்து. எனக்கு இப்ப 12 கிழமை. சத்தி நிக்காததால ரத்தம் எடுத்தவை. 10-ம் கிழமை எச்சிஜி 1,12,000, இப்ப 74,000. குறைஞ்சு போச்சு. டிஎஸ்எச் 0.08, தைராய்டு கூடிட்டுது எண்டும் சொல்லினம். பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ எண்டு ரெண்டு நாளா நித்திரை இல்லை. போன கிழமை ஸ்கானில துடிப்பு நல்லா இருந்தது.

ஓஜி_டூட்டி (சனி)

துடிப்பைப் பார்த்த பிறகு பீட்டாவுக்கு வேலை இல்லை மது. இந்த ஹார்மோன் 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சிக்குப் போகும், பிறகு இறங்கி ஓரளவில் நிற்கும். ஆரம்பத்தில் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் சினைப்பையிலிருந்து வருகிறது, அதை ஊக்குவிக்கத்தான் எச்சிஜி அவ்வளவு ஊறுகிறது. நஞ்சுக்கொடி தானே சுரக்கத் தொடங்கியதும் அந்த அவசரம் போய்விடும். 12-ல் 74,000 சரியான அளவு.

தைராய்டும் அதே கதையின் அடுத்த பக்கம். பாலு சொன்ன ஆல்ஃபா சங்கிலி ஒற்றுமையால் எச்சிஜி நிறைய இருக்கும்போது தைராய்டையும் தட்டி எழுப்பும், டிஎஸ்எச் தானாகக் கீழே போகும். வாந்தி அதிகம் உள்ளவர்களுக்கு இது நிறையவே நடக்கும். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 எடுத்தார்களா என்று கேளுங்கள். கழுத்து வீக்கம், கண் பிதுங்கல், முன்பே தைராய்டு நோய் இல்லையென்றால் பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே சில வாரத்தில் சரியாகும். வாந்திக்கு மருந்தும் தண்ணீரும்தான் இப்போது முக்கியம், சிறுநீர் குறைந்தால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

மட்டுநகர்_மது (சனி)

மெத்தப் பெரிய உபகாரம் டொக்டர். திங்கள் கிளினிக்கில மிட்வைஃப் மிஸ்ஸிட்டையும் கேக்கிறன்.

திண்டுக்கல்_பிரபு (அடுத்த வியாழன்)

எல்லோருக்கும் நன்றி. அன்று இரவே போனோம். வலது டியூபில்தான், 2 செ.மீ. வெடிக்கவில்லை. கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டார்கள். போட்ட அன்று 2,140. நான்காம் நாள் 2,460. மருந்து கேட்கவில்லை, ஆபரேஷன்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வார்டில் கேட்டால் “ஏழாம் நாள் பார்க்கலாம்” என்பதோடு சரி. இன்று ஏழாம் நாள், 1,870. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஓஜி_டூட்டி (வியாழன்)

நல்லபடியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு முதல் சில நாள் ஏறுவது வழக்கம். நாங்கள் பார்ப்பது நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் குறைந்தது 15 சதவீதம் இறங்குகிறதா என்று. உங்களுடையது 24 சதவீதம். இனி வாரம் ஒருமுறை எடுத்து, கர்ப்பம் இல்லாத அளவுக்கு வரும்வரை விடக்கூடாது. இறங்கிக்கொண்டிருக்கும்போதும் டியூப் வெடிப்பதுண்டு, அதனால் கடும் வலி வந்தால் மறுபடி அதே ஓட்டம்.

வீட்டில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மிச்சம் இருக்கும், அதை நிறுத்தியாயிற்றா பாருங்கள். அது இந்த ஊசியின் வேலையைக் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி. ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேடுங்கள்.

திண்டுக்கல்_பிரபு (வியாழன்)

ஃபோலிக் ஆசிட் நேற்றுகூடப் போட்டாள் டாக்டர். யாரும் சொல்லவில்லை. நிறுத்திவிட்டோம். ஓ பாசிட்டிவ்தான்.

ராஜிமா (வியாழன்)

தம்பி, கரு போன துக்கமும் அவளுக்கு இருக்கும். ஊசி நம்பரையே பேசிக்கொண்டிருக்காதே. அவள் அம்மாவை வரச்சொல்.

நிலா_திருப்பூர் (அடுத்த செவ்வாய்)

இன்றைக்கு ஸ்கேன். மாதவிலக்குக் கணக்கில் 52-வது நாள், அதாவது 7 வாரம் 3 நாள். ரிப்போர்ட்டில் சிஆர்எல் (கருவின் நீளம்) 5 மி.மீ., 6 வாரம் 2 நாள், துடிப்பு 116. எட்டு நாள் சின்னதாக இருக்கிறது என்று என் மாமியார் முகம் மாறிவிட்டது. டாக்டர் பிரசவத் தேதியை எட்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஓஜி மேடம் 22-வது நாள் முட்டை என்று சொன்ன கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது.

பாலு_லேப் (செவ்வாய்)

வாழ்த்துகள் நிலா. இனி இந்தத் தேதியையே எல்லா இடத்திலும் கொடுங்கள். அரசின் பிக்மி கர்ப்பப் பதிவிலும் சரி, அடுத்து வரும் டபுள் மார்க்கர் (டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றின் வாய்ப்பைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ஃபாரத்திலும் சரி. பழைய தேதியைக் கொடுத்தால் அங்கே இன்னொரு குழப்பம் ஆரம்பிக்கும்.

சுகன்யா_நெல்லை (செவ்வாய்)

டபுள் மார்க்கர் என்றதும் ஓடி வந்தேன். எனக்கு 12 வாரம் 4 நாள். ரிப்போர்ட்டில் ஃப்ரீ பீட்டா எச்சிஜி 38.6 என்று வந்திருக்கிறது. மேலே நிலா போட்ட பட்டியல் மாதிரி ஒன்றை நெட்டில் பார்த்தால் 9 முதல் 12 வாரத்துக்கு 25,700 – 2,88,000 என்கிறது. எனக்கு வெறும் 38!

பாலு_லேப் (செவ்வாய்)

பதறாதீர்கள், இரண்டும் வேறு வேறு டெஸ்ட். அந்தப் பட்டியல் மொத்த எச்சிஜி. உங்களுடையது ஆல்ஃபா சங்கிலியோடு சேராமல் தனியாக மிதக்கும் பீட்டா மட்டும், அளவும் நானோகிராமில். 38.6 என்ற அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். பக்கத்தில் எம்ஓஎம் என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் வாரத்தில் இருப்பவர்களின் நடு அளவோடு ஒப்பிட்டால் நீங்கள் எத்தனை மடங்கு என்பது அது. 1-ஐ ஒட்டி இருந்தால் நடுவில் இருக்கிறீர்கள். டவுன் சிண்ட்ரோமில் சராசரியாக ஃப்ரீ பீட்டா 2 மடங்கு வாக்கில் போகும், அதே டெஸ்டின் இன்னொரு மார்க்கரான பாப்-ஏ பாதியாகும். ஆனால் அதையும் தனியாகப் படிப்பதில்லை. வயது, கருவின் பிடரி நீரை அளக்கும் என்டி ஸ்கேன், எடை எல்லாம் சேர்த்து கடைசியில் 1:இத்தனை என்று ஒரு ரிஸ்க் வரும். பல லேப்கள் 1:250-ஐ எல்லையாக வைக்கின்றன. ரிஸ்க் அதைவிடக் கூடி 1:100 போல வந்தாலும் அது நோய் என்று அர்த்தமில்லை, அடுத்த பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ரிஸ்க்கைப் படிக்கும் முன் முதல் பக்கத்தில் உங்கள் விவரத்தைச் சரிபாருங்கள்: பிறந்த தேதி, எடை, ஐவிஎஃப் ஆமா இல்லையா, சிஆர்எல் 45-க்கும் 84 மி.மீ.க்கும் நடுவில் இருக்கிறதா.

சுகன்யா_நெல்லை (செவ்வாய்)

சிஆர்எல் 61. எம்ஓஎம் 0.93. ரிஸ்க் 1:1,840. ஆனால் அண்ணா, எடை 85 என்று போட்டிருக்கிறது. நான் 58!

பாலு_லேப் (செவ்வாய்)

அப்படியானால் அந்த 1:1,840 செல்லாது. எடைக்கு ஏற்பத்தான் எம்ஓஎம்மைத் திருத்துவார்கள், இரண்டு மார்க்கரும் மாறும். காலையில் லேபுக்குப் போன் போட்டு எடையைத் திருத்தி மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை, பழைய அளவை வைத்தே சாஃப்ட்வேரில் ஓட்டிவிடலாம். புது ரிப்போர்ட் வந்ததும் அதை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.